லயத்திலிருந்து நீதிமன்றம் வரை: மலையகத் தோட்டமொன்றில் சட்ட உதவிக் குழு அமைத்து நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஊழியர் சேமலாப நிதி, சேவைக்காலப் பணம், பிள்ளைகளுக்கான பராமரிப்புப் பணம், குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பு, அரச அலுவலகத்தில் தமிழில் பேசிப் பதில் பெறும் உரிமை ஆகிய அனைத்தும் இலங்கையின் மலையகத் தோட்டக் குடும்பங்களுக்கும் சட்டப்படி உரியவை. ஆயினும் லயத்தில் (தோட்டத்தின் வரிசை வீடுகளில்) வாழும் ஒருவர் அவற்றைத் தேடிப் புறப்படும்போது, பெரும்பாலான விடயங்கள் நீதிமன்றப் படியை எட்டுவதற்கு முன்பே முடங்கிப்போகின்றன. அடையாள அட்டையில் ஒரு பெயரும் சேமலாப நிதிப் பதிவில் வேறொரு பெயரும் இருக்கும். ஆறு மாதக் கெடு இருந்தது என்பது ஏழாம் மாதத்தில் தெரியவரும். பொலிஸில் கையொப்பமிட்ட வாக்குமூலம் தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டிருக்கும். ஆவணம், காலக்கெடு, மொழி ஆகிய இந்த மூன்றையும் தோட்டத்துக்குள்ளேயே கவனித்துக்கொள்ள நாலைந்து பேர் இருந்தால், எஞ்சியதைச் சட்டத்தரணியும் தொழில் அலுவலகமும் நீதிமன்றமும் செய்ய முடியும். அந்த நாலைந்து பேருக்காகவே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதற்படி: குழுவை அமைத்தல்

தோட்டம் முழுவதற்கும் ஒரு குழு என்று தொடங்குவதைவிட, ஒரு டிவிசனுக்கு (தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு) ஒரு குழு என்று தொடங்குவது நல்லது. டிவிசன்களுக்கிடையே நடந்து செல்லும் தூரமே பலரைத் தடுத்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர், மாதர் சங்கத்தில் இயங்கும் ஒரு பெண், உயர்தரம் முடித்துச் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞர், மலையில் இன்னும் வேலை செய்யும் ஒரு தொழிலாளி ஆகியோர் சேர்ந்தால் போதுமானது. பெண்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியையும் வேலைத்தலத்தில் நடக்கும் பாலியல் தொல்லையையும் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டார்.

தோட்டத் தலைவர்களோடும் தொழிற்சங்கங்களோடும் பகைத்துக்கொண்டு இக்குழு இயங்க முடியாது, இயங்கவும் தேவையில்லை. தொழில் வழக்குகளில் தொழிற்சங்கத்துக்கு இருக்கும் சட்ட அந்தஸ்து குழுவுக்குக் கிடையாது. அதே வேளையில், எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்று கேட்டு உதவி செய்யும் குழுவாகவும் ஆகிவிடக் கூடாது. சந்தாவையே நிறுத்திவிட்டவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும்தான் உதவி மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

குழு எந்த வேலைக்கும் பணம் வாங்கக் கூடாது. பஸ் செலவு, போட்டோ கொப்பிச் செலவு, பதிவுத் தபால் செலவு ஆகியவற்றை உரியவரே நேரடியாகக் கொடுக்கட்டும். சேமலாப நிதியை எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கைக்கு இடைத்தரகர் எவரும் தேவையில்லை என்பதைக் குழு முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம்படி: ஆவணங்களைச் சீராக்குதல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மலையகத்தில் ஆவணக் குறைபாடு தனிமனிதரின் அசட்டையால் மட்டும் வந்ததன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையும் 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் அவர்களை இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பிரித்தன. 1986ஆம், 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோரில் பலருக்கு வழி திறந்தன. இறுதியாக, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக, அரச அலுவலகம் என்பது தம்மை வெளியே நிறுத்தும் இடம் என்று பழகிய குடும்பங்களில், பிறப்பைப் பதியாமல் விட்ட தாத்தாவும் அடையாள அட்டை எடுக்காமலே இறந்துபோன பாட்டியும் இருப்பதில் வியப்பில்லை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு உறை திறக்க வேண்டும். அதில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, திருமணச் சான்றிதழ், சேமலாப நிதி உறுப்புரிமை அட்டையான பி கார்ட், கிடைக்கும் சம்பளச் சீட்டுகள், ஆஸ்பத்திரி கிளினிக் அட்டைகள், வீடு அல்லது காணி தொடர்பாகக் கிடைத்த எந்தக் கடிதமும் இருக்க வேண்டும். மூலப் பிரதியை வீட்டுக்காரரே வைத்திருக்கட்டும். குழுவிடம் பிரதி மட்டும் இருந்தால் போதும். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளை ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு சேர்ந்து அங்கிருந்தவர்களின் பத்திரங்களும் புதைந்தன. மலைச்சரிவில் வீடு உள்ள ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். காலம் கடந்துவிட்டால், பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலை அனுமதிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் பதிவு, மூத்தவர்களின் சத்தியக்கடதாசி முதலியவை அதற்குத் துணையாகும். பதிவு எதுவும் கண்டுபிடிக்க முடியாத முதியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு; அதைக் கொண்டும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தரோ, தோட்டத்தில் வசிப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகரோ அத்தாட்சிப்படுத்தலாம். துரை கையொப்பமிடத் தாமதித்தால் கிராம உத்தியோகத்தரிடம் செல்வதில் தயங்க வேண்டாம்.

பெயர் முரண்பாடு தனியாகச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் பெரியசாமி இராசம்மா; அடையாள அட்டையில் ராஜம்மா; செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில்) ராசம்மாள்; சேமலாப நிதியில் தகப்பன் பெயருக்குப் பதிலாகக் கணவன் பெயர். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் வந்த விளைவு இது. அவர் உயிரோடிருக்கும்போது இதைச் சரிசெய்ய ஒரு சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் பெரும்பாலும் போதும். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியம் செய்து, இந்த எல்லாப் பெயர்களும் தன் ஒருவரையே குறிக்கும் என்று எழுத வேண்டும். அவர் இறந்த பிறகு பிள்ளைகள் அதே பணத்தைக் கோரும்போது அதே முரண்பாடு வருடக்கணக்கான அலைச்சலாகிவிடும். எனவே ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களின் பெயர்களையே குழு முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சேமலாப நிதியில் யாரைப் பின்னுரித்தாளராக (தான் இறந்தால் பணம் பெறுபவராக) போட்டிருக்கிறார் என்பதையும் அதே வேளையில் பார்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்பு எழுதியது அப்படியே கிடக்கும்.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழும் தம்பதியரைத் திருமணப் பதிவுக்கு ஊக்குவிப்பதும் இப்படியிலேயே நடக்கட்டும்.

மூன்றாம்படி: கேட்டு எழுதுதல்

ஒருவர் குறையோடு வந்தால் முதல் அரை மணி நேரம் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிறகு திகதி வாரியாக எழுத வேண்டும். எப்போது நடந்தது, யார் முன்னிலையில், யாரிடம் முதலில் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்ற வரிசை இருந்தால் சட்டத்தரணிக்குப் பாதி வேலை முடிந்துவிடும். திகதி நினைவில்லாதவர்களுக்கு நினைவூட்ட வழி உண்டு: அது தீபாவளி முற்பணம் கொடுத்ததற்கு முன்பா பின்பா, கோயில் திருவிழாவுக்குப் பிறகா, பிள்ளையின் பரீட்சை நேரமா என்று கேட்டால் மாதம் கிடைத்துவிடும்.

அரைப் பேர் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம்; பேர் என்பது செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள் வேலைக் கணக்கு. பறித்த கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்லி, முழுநாள் மலையில் நின்றவருக்கு அரைப் பேர் போடுகிறார்கள். இதில் கோபம் நிறைய இருக்கும், சான்று எதுவும் இருக்காது. ஒரு பயிற்சிப் புத்தகத்தில் திகதி, மலையின் பெயர் அல்லது இலக்கம், பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போன நேரம், ஒவ்வொரு நிறுவையிலும் எழுதிய கிலோ, போட்ட பேர், எடை பார்த்த உத்தியோகத்தர் யார் என்று நாள்தோறும் எழுதச் சொல்லுங்கள். ஒரே கேங்கைச் சேர்ந்த ஐந்து பேர் இரண்டு மாதம் இப்படி எழுதினால், அதைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுத் தொழில் அலுவலகத்தில் வைக்கலாம். அலுவலர் தோட்டத்தின் செக்ரோலை வரவழைத்துப் பார்க்க வேண்டிய நிலை அப்போதுதான் உருவாகும்.

கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது குழுவின் முதல் விதியாக இருக்க வேண்டும். பத்து காம்பராக்கள் (அறை வீடுகள்) ஒட்டியிருக்கும் லயத்தில் ஒரு சொல் கசிந்தால் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

நான்காம்படி: எந்தக் கதவைத் தட்டுவது

எல்லாவற்றையும் பொலிஸுக்குக் கொண்டுபோவதும், எல்லாவற்றையும் தலைவரிடம் விட்டுவிடுவதும் தோட்டங்களில் பழகிப்போன இரண்டு வழிகள். குறையின் தன்மைக்கேற்ற இடம் வேறு வேறு.

வேலை சம்பந்தப்பட்டவை. சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கான சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் செலுத்த வேண்டும்; தாமதித்தால் தாமதத்தின் அளவுக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் சேரும். சம்பளச் சீட்டில் 8 சதவீதம் கழிக்கப்பட்டிருந்தும் நிதியில் பணம் சேராமலிருந்தால் அந்தச் சீட்டே முதன்மையான சான்று. ஆகவே சம்பளச் சீட்டைக் கசக்கி எறியும் பழக்கத்தை மாற்றுவது குழுவின் நிரந்தரப் பிரசாரமாக இருக்க வேண்டும்.

சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு இது உரியது. நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். விலகிய நாளில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய், சேவை 28 வருடம் என்று வைத்தால், 14 நாளுக்கு 18,900 ரூபாய். 28 வருடத்துக்கு 5,29,200 ரூபாய். இந்தக் கணக்கை ஓய்வுபெறும் ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். ஒரு லட்சத்தைக் கையில் கொடுத்து முழுப் பணமும் பெற்றதாகக் கையொப்பம் கேட்கும்போது அந்தத் தொகை தெரிந்திருக்க வேண்டும். விலகி 30 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் 10 முதல் 30 சதவீதம் வரை மிகைக்கட்டணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தொழில் அலுவலகத்துக்கான முறைப்பாட்டை இவ்வாறு எழுதலாம்:

"நான் மேற்படி தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் 28 வருடங்கள் கொழுந்து பறிக்கும் தொழிலாளியாக வேலை செய்து ஓய்வுபெற்றேன். எனது செக்ரோல் இலக்கமும் ஊழியர் சேமலாப நிதி உறுப்பினர் இலக்கமும் கீழே தரப்பட்டுள்ளன. ஓய்வுபெற்று 30 நாட்கள் கடந்தும் எனக்குரிய பணிக்கொடை வழங்கப்படவில்லை. விசாரணை செய்து மிகைக்கட்டணத்தோடு பெற்றுத்தருமாறும், விசாரணைத் திகதியைத் தமிழில் எனக்கு அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

பெயர், முகவரி, திகதி, கையொப்பம், இணைத்த பிரதிகளின் பட்டியல் இருந்தால் போதும். அலங்காரமும் கெஞ்சலும் வேண்டாம்.

செக்ரோலிலிருந்து பெயரை வெட்டிவிட்டார்கள், வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றால், அது தொழில் நியாய சபைக்குச் செல்ல வேண்டிய விடயம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழிலாளி தானே விண்ணப்பிக்கலாம். அவர் அங்கத்தவராக இருக்கும் தொழிற்சங்கமும் அவருக்காக விண்ணப்பிக்கலாம். சங்கப் பிரதிநிதி ஒருவரே அங்கு அவருக்காகப் பேசவும் முடியும். "அடுத்த மாதம் பேசித் தீர்த்துத் தருகிறோம்" என்ற வாக்குறுதியில் ஆறு மாதம் ஓடிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது. பேச்சு நடக்கட்டும், ஆனால் நான்காம் மாத முடிவுக்குள் பேச்சு பலிக்காவிட்டால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். தோட்டங்கள் கம்பனி விட்டுக் கம்பனி கைமாறியிருப்பதால், எதிர்மனுதாரராக எந்தக் கம்பனியைப் பெயரிடுவது என்பதைக் கடைசிச் சம்பளச் சீட்டையும் சேமலாப நிதிப் பதிவையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வேலை நேரத்தில் குளவி கொட்டினாலோ, கானில் (வடிகாலில்) வழுக்கி விழுந்து கால் முறிந்தாலோ, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். இங்கே எல்லாம் முதல் நாளில்தான் தீர்மானமாகிறது. ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம், வேலைத்தலத்தில், இன்ன நேரத்தில், இன்ன காரணத்தால் நேர்ந்தது என்று சொல்லி, அது அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோட்ட அலுவலகத்திலும் அன்றே எழுத்தில் அறிவியுங்கள். உடனிருந்த இருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் சம்பந்தப்பட்டவை. கணவன் பணம் அனுப்பாமல் விட்டுவிட்டால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மனைவி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் திருமணம் செய்திராவிட்டாலும் பிள்ளைக்குப் பராமரிப்பு உண்டு. எனவே திருமணப் பதிவு இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். கொழும்பில் கடையிலோ கம்பனியிலோ வேலை செய்யும் தகப்பனின் தொழில்கொள்வோர் யார், எங்கே என்ற விபரத்தைத் திரட்டிக் கொடுங்கள்; சம்பளத்திலிருந்தே கழித்துக் கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிட இது உதவும்.

அடி, மிரட்டல், மனவதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தானே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை இட்டு, 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுப்பார். பின்னர் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை நீடிக்கலாம். பொலிஸில் இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவது பரவலான வழக்கம். அந்தப் பெண் சமாதானத்தை விரும்பாதபோது குழுவும் சேர்ந்து அவரை வற்புறுத்தினால், பின்னர் நடக்கும் எதற்கும் குழுவும் பொறுப்பாளி. பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் சுவரிலும் கொழுந்து மடுவத்திலும் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலும்) பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். படிப்பை நிறுத்தி வீட்டுவேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் பற்றித் தெரிந்தாலும் 1929க்கே அறிவிக்க வேண்டும்.

கடன், வேலித் தகராறு, சிறு காயம் போன்றவை பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்கு வரும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் இச்சபையில் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை; பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடைவெளி இங்கே சற்றுக் குறைவு. இணக்கத்துக்குக் கட்டாயம் கிடையாது. இணங்க விருப்பமில்லையென்றால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றம் செல்லலாம்.

வீடும் காணியும். தோட்டக் காணியின் உரிமை பெரும்பாலும் அரசிடமும் அரச நிறுவனங்களிடமும் இருக்க, கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. தலைமுறைகளாகக் குடியிருந்தவரும் சட்டத்தின் கண்ணுக்குக் காணி உறுதிப்பத்திரம் இல்லாதவராகவே தெரிகிறார். மலையக மக்களின் மிகப் பெரிய அநீதி இதுவென்றே நான் கருதுகிறேன். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்தால் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கில் நீதவான் பார்ப்பது, செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ இருக்கிறதா என்பதை மட்டுமே. எத்தனை வருடம் வாழ்ந்தோம், எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கதைக்கு அங்கே இடமில்லை. எனவே நீதிமன்றத் திகதி வரும்வரை காத்திராமல், அறிவித்தல் கிடைத்த வாரத்திலேயே சட்டத்தரணியிடம் செல்லுங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு போன்ற வழிகளை ஆராய அப்போதுதான் அவகாசம் இருக்கும். ஏழு பேர்ச்சஸ் காணியோ வீடமைப்புத் திட்ட வீடோ கிடைத்தவர்கள், சாவியோடு நின்றுவிடாமல் உறுதிப்பத்திரம் எப்போது என்று எழுத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கைது. காரணம் சொல்லப்பட வேண்டும். சாதாரண குற்றங்களில் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்பட வேண்டும். எந்த நிலையம், எத்தனை மணிக்கு, யார் கைது செய்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, குழுவில் இருவராகப் போய்க் கேளுங்கள்.

ஐந்தாம்படி: சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுதல்

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வசதியற்றவர்களுக்கு இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. தகுதியுள்ளவர்களுக்கு நீதிமன்றத்தில் சட்டத்தரணியையும் ஏற்பாடு செய்கிறது. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, கேகாலை முதலிய இடங்களில் அதன் நிலையங்கள் பெரும்பாலும் நீதிமன்றத் தொகுதியை ஒட்டியே இருக்கின்றன. 1985 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எந்த நிலையம் அருகில், தமிழ் பேசும் சட்டத்தரணி எந்த நாளில் இருப்பார் என்று கேட்டறிந்துகொண்டு கிளம்புங்கள். ஒருநாள் சம்பளத்தை இழந்து, மூன்று பஸ் மாறிப் போகிறவரை வெறுங்கையோடு திரும்ப வைக்கக் கூடாது.

அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, சம்பளச் சீட்டு, நீதிமன்றத்திலிருந்து வந்த அழைப்பாணை அல்லது எதிர்த்தரப்பின் கடிதம், மூன்றாம்படியில் எழுதிய திகதி வரிசை ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். உரியவரே பேசட்டும், குழு உறுப்பினர் பக்கத்தில் இருந்து, விடுபட்டதை மட்டும் எடுத்துக்கொடுக்கட்டும். திரும்பும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் பெறுங்கள்: வழக்கைப் பொறுப்பேற்ற சட்டத்தரணி யார், அடுத்த திகதி எது, அதற்குள் நாம் கொண்டுவர வேண்டியது என்ன. இலவச சேவை என்பதால் கேள்வி கேட்கும் உரிமை குறைந்துவிடுவதில்லை.

மேல் நீதிமன்றத்தில் குற்றவழக்கை எதிர்கொள்பவருக்குச் சட்டத்தரணி இல்லையென்றால், நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். பயத்தில் காணியையோ நகையையோ விற்பதற்கு முன் குடும்பத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆறாம்படி: மொழி உரிமையைக் கேட்டுப் பெறுதல்

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அதன் பயன்பாட்டை விரித்துரைத்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறலாம். 24ஆம் உறுப்புரையின்படி, நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினருக்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசு வழங்க வேண்டும். வழக்குப் பதிவேட்டின் பகுதிகளையும் தன் மொழியில் கேட்டுப் பெறலாம்.

நடைமுறையில் இதை யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது, தமிழில் எழுத முடியுமா என்று முதலில் கேளுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்று சொல்லப்பட்டால், தமிழிலேயே கையால் எழுதிய முறைப்பாடு ஒன்றைக் கையளித்து, அதன் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் திகதியும் கேளுங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை விளங்கும்படி வாசித்துக்காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். குழுவில் சிங்களம் தெரிந்த இளைஞரின் பயன் இங்கேதான் அதிகம். முறைப்பாட்டு இலக்கமும் பக்கமும் குறித்த துண்டைப் பெற்றுக்கொண்டே வெளியே வாருங்கள். நீதிமன்றத்தில் பெயர் அழைக்கப்பட்டதும், விளங்கவில்லையென்றால் தலையாட்டாமல் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லுமாறு ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். தலையாட்டியது சம்மதமாகப் பதிவாகிவிடும். தொடர்ந்து மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

ஏழாம்படி: விடாமல் பின்தொடர்தல்

அனுப்பும் எந்தக் கடிதமும் பதிவுத் தபாலில் போகட்டும். பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பல லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால், வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திலோ வேறெங்கோ தங்கிவிடுகின்றன. தோட்டத்துக்கு எதிரான வழக்கின் கடிதம் தோட்ட அலுவலகம் வழியாக வருவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. உரியவர் சம்மதத்தோடு, நம்பிக்கையான ஒருவரின் நகர முகவரியைத் தொடர்பு முகவரியாகவும், தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.

அரச அலுவலகம் பதில் தராமல் இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எளிய மக்களின் கையில் கிடைத்திருக்கும் கூரிய கருவி. "எனது விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் எவை, அவற்றின் பிரதிகளைத் தருக" என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும் அலுவலர் எழுதி எடுக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

பொலிஸாரோ வேறு அரச அலுவலரோ அடித்தல், சட்டவிரோதமாகத் தடுத்துவைத்தல், மொழி அல்லது இனம் பார்த்துப் பாகுபாடு காட்டுதல் போன்றவற்றைச் செய்தால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு மாதம் மிகக் குறுகியது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இக்கெடுவில் கணக்கிடப்படுவதில்லை. கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. 1996 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம்.

குழு ஒரு பெரிய பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு பக்கம். இடது ஓரத்தில் காலக்கெடு சிவப்பு மையில். அடுத்த திகதி, யார் கூடப் போவது என்பது அதன் கீழே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடி, சிவப்புத் திகதிகளை மட்டும் முதலில் வாசியுங்கள். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குச் செல்லும் உறுப்பினர், தன் பொறுப்பிலுள்ள பக்கங்களை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் கையொப்பமிட்ட பின்னரே விலக வேண்டும்.

பதிவேட்டில் ஒரே வகையான பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் சேர்ந்ததும், சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுதி, தோட்டத்திலேயே ஒரு நடமாடும் சேவை நடத்தும்படி கேளுங்கள். எத்தனை பேருக்குப் பிறப்புப் பதிவு, எத்தனை பேருக்குப் பெயர்த் திருத்தம், எத்தனை பேருக்குச் சேவைக்காலப் பண நிலுவை என்ற எண்ணிக்கையைக் கடிதத்திலேயே கொடுத்தால் எந்த அலுவலரை அனுப்புவது என்று அவர்களுக்கு விளங்கும். பாடசாலை மண்டபத்தையோ கோயில் மண்டபத்தையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வேலை நாளில் வைத்தால் பேர் போய்விடும் என்று பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டுப் பாருங்கள். அது முடியாதென்றால் மாலை மூன்று மணிக்குப் பிந்திய நேரத்தைக் கேளுங்கள். அன்று காலைக்குள் ஒவ்வொருவரின் உறையிலும் போட்டோ கொப்பி இரண்டும் நிரப்பிய படிவமும் தயாராக இருக்க வேண்டும்.